போட்ட காசு எல்லாம் விலை ஆகாது!

அமெரிக்காவில் துப்பாக்கி சேர்ப்பவர்கள் மத்தியில் ஒரு பழைய ஜோக் உண்டு. "சாவைப் பற்றி எனக்குப் பயமே கிடையாது. நான் போன பிறகு என் மனைவி இந்தத் துப்பாக்கிகளை எல்லாம், நான் அவளிடம் சொன்ன விலைக்கே விற்றுவிடுவாளே... அதுதான் பயம்!"

சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் இந்த ஜோக்குக்குள் காமர்ஸ் படிப்பவர்களுக்கு ஒரு முழுப் பாடமே இருக்கிறது. அந்த மனிதரிடம் ஒரே துப்பாக்கிக்கு இரண்டு விலை இருக்கிறது. வீட்டில் திட்டு விழக்கூடாது என்று குறைத்துச் சொன்ன விலை ஒன்று. தான் செய்த செலவை எல்லாம் கூட்டி மனசுக்குள் வைத்திருக்கும் விலை இன்னொன்று. முதலாவது பொய் என்பது அவருக்கே தெரியும். இரண்டாவதும் பொய்தான் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. வம்பே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்த இரண்டாவது பொய்யோடுதான் இங்கே சண்டை. துப்பாக்கி நல்லதா கெட்டதா, அமெரிக்கர்களுக்கு இத்தனை துப்பாக்கி எதற்கு என்பதெல்லாம் வேறு சண்டை. அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். இன்றைய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ஒருவர் ஆசை ஆசையாகச் சொல்லிச் செய்த ரிவால்வரை விற்க வரும்போது, என்ன விலை சொல்லலாம்?

அது என்ன 'சொல்லிச் செய்த' ரிவால்வர்?

கடையில் வாங்கும் ரிவால்வர், ரெடிமேட் சட்டை மாதிரி. ஆயிரக்கணக்கில் ஒரே அச்சில் வருவது. தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைப்பது போல ரிவால்வரையும் சொல்லிச் செய்துகொள்ளும் வழக்கம் அங்கே உண்டு. பெரும்பாலும் ஒரு கம்பெனி ரிவால்வரை அடிப்படையாக எடுத்துக்கொள்வார்கள். 1955-இல் வந்த ரூகர் பிளாக்ஹாக் வரிசை இதற்குப் பெயர் போனது. விலை அதிகமில்லை, உடம்பு கெட்டி. அதைக் கன்ஸ்மித் எனப்படும் துப்பாக்கித் தொழிலாளி ஒருவரிடம் கொடுத்தால், குழலை மாற்றுவார், சிலிண்டரைப் புதிதாகக் கடைவார், விசையை வெண்ணெய் மாதிரி ஆக்குவார், மேல்பூச்சைப் புதுப்பிப்பார், கைப்பிடியை உரிமையாளரின் கைக்கு ஏற்றபடி செதுக்கித் தருவார்.

இதில் மேதைகள் உண்டு. வயோமிங் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் லைன்பா, ரூகர் ரிவால்வர்களில் ஆறு தோட்டா சிலிண்டரை எடுத்துவிட்டு, சுவர் தடிமனான ஐந்து தோட்டா சிலிண்டரைப் பொருத்தி, 1986-இல் .500 லைன்பா என்ற ராட்சசத் தோட்டாவையே உருவாக்கினார். டென்னசி மாநிலத்தின் ஹாமில்டன் போவன் இன்னொரு பெரிய பெயர். இந்த மாதிரி ஆட்களிடம் வேலை கொடுத்தால் வரிசையில் நிற்க வேண்டும். சில சமயம் வருஷக்கணக்கில்!

சரி, இனி விலைக்கு வருவோம்.

அண்ணனின் கணக்கு

ஒரு அமெரிக்க அண்ணனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கீழே வரும் எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். அண்ணன் 700 டாலருக்கு ஒரு ரிவால்வர் வாங்கினார். கன்ஸ்மித் கூலி 2,600. அரிய மரத்தில் தன் கைக்கு அளவெடுத்த கைப்பிடி 350. கைப்பிடிக்குப் பின்னால் உள்ள இரும்பில் தன் பெயரின் முதலெழுத்துகளைச் செதுக்க 250. அனுப்புச் செலவு 100. மொத்தம் 4,000 டாலர். இரண்டு வருஷம் காத்திருந்தார். கையில் வந்தது. ஐம்பது தோட்டா சுட்டார். அப்புறம் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் வந்தது. விற்றாக வேண்டும்.

அண்ணன் சொன்ன விலை: 4,500 டாலர். "போட்ட காசு நாலாயிரம். இரண்டு வருஷம் காத்திருந்ததற்கு ஐந்நூறு. நியாயமான விலைதானே?"

கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் இதில் வாங்குபவரைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கிறதா? ஒரு எண் இருக்கிறதா? இல்லவே இல்லை. இது விலை அல்ல, அண்ணனின் சுயசரிதை. இன்னொருவரின் சுயசரிதைக்கு யாராவது 4,500 டாலர் கொடுப்பார்களா?

செய்கூலி, சேதாரம்

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கல்யாணத்துக்கு வாங்கிய நெக்லஸை அவசரத்துக்கு விற்கப் போன எந்தக் குடும்பத்துக்கும் தெரியும். வாங்கும்போது பில்லில் செய்கூலி, சேதாரம் என்று தனியாகப் போட்டு வாங்கியவர்கள், விற்கும்போது தராசில் வைத்துத் தங்கத்துக்கு மட்டும்தான் விலை சொல்வார்கள். "இதுக்கு இவ்வளவு கூலி கொடுத்தோமே" என்று கேட்டால் கடைக்காரர் பதில்கூடச் சொல்ல மாட்டார், சிரிப்பார். ஏன்? கூலி ஏற்கெனவே ஆசாரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் பலனை, அதாவது கழுத்தில் போட்ட அழகை, அந்தக் குடும்பம் அனுபவித்தும் விட்டது.

ரிவால்வருக்கும் அதே கதைதான். ஆனால் ஒரு வித்தியாசம். தங்கத்தை உருக்கினால் தங்கம் கிடைக்கும். ரிவால்வரை உருக்கினால் பழைய இரும்புதான். அதனால் அடிமட்ட விலை தங்கத்தைப் போல உறுதியானது அல்ல. கைவேலை விலையைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். ஆமாம், குறைக்கவும் செய்யும்! அண்ணனின் பெயரெழுத்துகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அது 250 டாலர் பெருமை. வாங்குபவருக்கு அது வேறு யாரோ ஒருவரின் பெயர். அதை அழிக்க அவர்தான் இன்னும் காசு செலவழிக்க வேண்டும். அண்ணனின் பெரிய கைக்கு அளவெடுத்த கைப்பிடியும் அப்படித்தான்.

தந்தக் கைப்பிடி என்றால் கதை இன்னும் மோசம். 2016-இல் அமெரிக்க மத்திய அரசு ஆப்பிரிக்க யானைத் தந்தத்தை மாநிலம் விட்டு மாநிலம் விற்பதைக் கடுமையாக இறுக்கிவிட்டது. விதிவிலக்கு உண்டு, ஆனால் நிபந்தனைகளும் உண்டு. நியூயார்க், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா மாதிரி மாநிலங்கள் தனியாகச் சட்டமே போட்டிருக்கின்றன. பில்லில் பெரிய தொகையாக நிற்கும் அதே தந்தம், வாங்கக்கூடிய ஆட்களின் எண்ணிக்கையைச் சுருக்கிவிடுகிறது. செலவு ஏறியது, சந்தை சுருங்கியது. போட்ட காசும் மதிப்பும் ஒன்று என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

பிளஸ் டூ அக்கவுண்டன்சி மறந்துபோச்சா?

சரக்கிருப்பை எப்படி மதிப்பிட வேண்டும்? 'அடக்கவிலை அல்லது சந்தை விலை, இவற்றில் எது குறைவோ அது.' ஐந்து மதிப்பெண் கேள்விக்கு மனப்பாடம் செய்த வரி. எத்தனை பேர் அதன் அர்த்தத்தை யோசித்திருப்போம்? கடைக்காரர் போட்ட காசை நினைத்துக் கண்ணீர் விடலாம். ஆனால் கணக்குப் புத்தகத்தில் அந்தக் கண்ணீருக்குப் பத்தி கிடையாது. பொருளை இன்று விற்றால், விற்கும் செலவு போக, கையில் என்ன நிற்கும்? அதுதான் கேள்வி.

பொருளாதாரத்தில் இதற்கு மூழ்கிய செலவு என்று பெயர். கிணற்றில் விழுந்த காசு மாதிரி. இனி எடுக்கும் எந்த முடிவாலும் அது திரும்பி வராது என்றால், இனி எடுக்கும் எந்த முடிவிலும் அதைச் சேர்க்கக் கூடாது. அண்ணன் ரிவால்வரை விற்றாலும் சரி, விற்காமல் பெட்டியிலேயே வைத்தாலும் சரி, அந்த 4,000 டாலர் போனது போனதுதான். அவர் முன்னால் இருக்கும் கேள்வி 'போட்டதை எப்படி எடுப்பது' என்பது அல்ல. 'இன்று யாரோ தரத் தயாராக இருக்கும் தொகை வேண்டுமா, இந்த ரிவால்வர் வேண்டுமா' என்பதுதான்.

ஆனால் மனசு கேட்காதே! அதையும் ஆராய்ச்சி செய்து பார்த்துவிட்டார்கள். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு சாதாரணக் காபிக் கோப்பைதான் கதாநாயகன். சில மாணவர்களுக்குக் கோப்பையைச் சும்மா கொடுத்து, 'என்ன விலைக்கு விற்பீர்கள்' என்று கேட்டார்கள். கோப்பை கிடைக்காதவர்களிடம் 'என்ன விலைக்கு வாங்குவீர்கள்' என்று கேட்டார்கள். ஒரு சோதனையில் விற்பவர்கள் பக்கம் நடுவில் நின்ற தொகை 7.12 டாலர். வாங்குபவர்கள் பக்கம் 2.87 டாலர். அதே கோப்பை! கையில் வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், அதற்குள் விற்பவர் கேட்பது இரண்டு மடங்குக்கும் மேலே போய்விட்டது. கானமனுக்கு 2002-இலும் தேலருக்கு 2017-இலும் பொருளாதார நோபல் கிடைத்தது சும்மா இல்லை.

ஓசியில் வந்த காபிக் கோப்பைக்கே இந்தப் பாடு என்றால், இரண்டு வருஷம் தவமிருந்து, கன்ஸ்மித்திடம் போனில் பேசிப் பேசி, தன் பெயரைச் செதுக்கி வாங்கிய ரிவால்வருக்கு அண்ணனின் மனசு எத்தனை மடங்கு ஏற்றும்? அதனால்தான் 4,500 அவருக்கு அத்தனை நியாயமாகத் தெரிகிறது.

"கைவேலைக்கு மரியாதை இல்லையா?"

இந்த இடத்தில் ஒரு உணர்ச்சிகரமான எதிர்வாதம் வரும். "ஒரு கலைஞன் மாதக்கணக்கில் உழைத்துச் செய்ததை அடிமாட்டு விலைக்குக் கேட்பது அநியாயம். கலையை மதிக்கத் தெரியாதவர்கள்தான் இப்படிப் பேசுவார்கள்."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நிமிஷம்... கலைஞன் யார்? கன்ஸ்மித். அவருக்குக் கூலி கிடைத்துவிட்டதா? கிடைத்துவிட்டது, அண்ணனே கொடுத்தார். இப்போது அண்ணன் 4,500-க்கு விற்றாலும் 2,500-க்கு விற்றாலும் அந்தக் கலைஞனுக்கு ஒரு சென்ட் கூடப் போகப்போவதில்லை. ஆக, அண்ணன் கலைஞனுக்காக வாதாடவில்லை. கலைஞனின் சட்டையைப் போட்டுக்கொண்டு தன் பில்லுக்காக வாதாடுகிறார். கைவேலையை உண்மையிலேயே மதிப்பவர் செய்ய வேண்டியது வேறு. அந்த கன்ஸ்மித் புதிதாக வேலைக்கு விலை சொல்லும்போது பேரம் பேசாமல் கொடுப்பது! அதைச் செய்கிறார்களா என்று கேட்டால் சத்தமே வராது.

விற்காத விலை

அண்ணன் அடுத்து எடுக்கும் ஆயுதம், "மற்றவர்களும் இதே விலைதானே சொல்கிறார்கள்?"

அமெரிக்காவில் கன் ஷோ எனப்படும் துப்பாக்கிச் சந்தைகளில் மேஜை மேஜையாகச் சுற்றினாலும், இணைய விளம்பரங்களை அலசினாலும், சொல்லிச் செய்த ரிவால்வர்களுக்கு 4,000, 5,000 என்று விலைச் சீட்டு தொங்குவதைப் பார்க்கலாம். ஆனால் கொஞ்சம் யோசித்தால் புரியும். நியாயமான விலை சொன்ன ரிவால்வர் போன வாரமே விற்றுப் போயிருக்கும். மேஜையில் மிச்சம் இருப்பது எது? விற்காதது. அதாவது இன்று கண்ணில் படும் விலைகளில் பெரும்பகுதி, 'இந்த விலைக்கு யாரும் வாங்கவில்லை' என்பதற்கான சாட்சியம்! அதைப் பார்த்து விலை வைப்பது, பரீட்சையில் ஃபெயில் ஆனவனின் பேப்பரைப் பார்த்துக் காப்பி அடிப்பது மாதிரி.

பார்க்க வேண்டியது முடிந்துபோன வியாபாரங்களின் விலை. 1999-இல் தொடங்கிய கன்ப்ரோக்கர் போன்ற இணைய ஏலச் சந்தைகளிலும், பெரிய ஏல நிறுவனங்களின் பழைய ஏல முடிவுகளிலும் இது கிடைக்கும். ப்ளூ புக் ஆஃப் கன் வேல்யூஸ் என்ற விலைப் புத்தகம் உண்டு. மேல்பூச்சு எத்தனை சதவீதம் மிச்சமிருக்கிறது என்று பார்த்து விலை சொல்லும். ஆனால் அது கம்பெனித் துப்பாக்கிகளுக்குத்தான் அதிகம் உதவும். உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது என்கிற பொருளுக்கு எந்தப் புத்தகமும் விலை அச்சடித்து வைத்திருக்காது.

மறுபக்கத்துப் பொய்

இதுவரை படித்துவிட்டு, 'அப்படியானால் கைவேலைக்கு மதிப்பே இல்லை' என்று முடிவு கட்டினால் அதுவும் தப்பு. அந்த வசனத்தைச் சொல்வதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது: செகண்ட் ஹேண்டில் வாங்கும் வியாபாரிகளில் சிலர். "இதை நோண்டிட்டாங்க. ஒரிஜினல் போச்சு. சாதாரண ரூகர் விலைதான் தருவேன்" என்பார்கள். அண்ணன் ஏற்றிச் சொல்லும் பொய்க்கு இது இறக்கிச் சொல்லும் பொய்.

இதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. 1873-இல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியின் பழைய காலத்துத் துப்பாக்கி ஒன்றைப் பளபளவென்று புதுப் பூச்சுப் போட்டு, குழலை மாற்றினால் சேகரிப்பாளர்களிடம் அதன் மதிப்பு சரியும். அவர்களுக்குத் தேய்ந்த பழைய பூச்சுதான் வேண்டும். ஆனால் அதே விதியை, சேகரிப்பு மதிப்பு எதுவுமில்லாத சாதாரண ரூகரில் ஒரு பேர் பெற்ற கன்ஸ்மித் செய்த வேலைக்குப் பொருத்துவது அயோக்கியத்தனம். அங்கே கெடுவதற்கு என்ன ஒரிஜினல் இருந்தது?

சொல்லிச் செய்ததற்கு மதிப்பு நிற்கும் என்பதற்கு வரலாறே சாட்சி. 1935-இல் ஸ்மித் அண்ட் வெஸன் கம்பெனி ரெஜிஸ்டர்ட் மேக்னம் என்ற ரிவால்வரைக் கொண்டுவந்தது. குழல் நீளம் மூன்றரை அங்குலத்திலிருந்து எட்டே முக்கால் அங்குலம் வரை, வாடிக்கையாளர் சொல்கிறபடி. விலை 60 டாலர். பெருமந்த காலத்தில் அது பெரிய தொகை! முதல் துப்பாக்கி எஃப்.பி.ஐ. தலைவர் ஜே. எட்கர் ஹூவருக்குப் போனது. ஒவ்வொரு ரிவால்வருக்கும் பதிவு எண், உரிமையாளருக்குச் சான்றிதழ். 1939-இல் அந்தப் பதிவு முறை நின்றது. இன்று சேகரிப்பாளர்கள் அதற்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள், சான்றிதழும் கூட இருந்தால் இன்னும் அதிகம். இங்கே விலை எங்கே உட்கார்ந்திருக்கிறது? இரும்பில் பாதி, காகிதத்தில் பாதி.

காகிதத்தின் சக்திக்கு இன்னொரு உதாரணம் வேண்டுமா? 1881-இல் நியூ மெக்சிகோவில் பில்லி த கிட் என்ற கொள்ளைக்காரனை ஷெரிஃப் பாட் காரெட் சுட்டுக் கொன்ற கோல்ட் ரிவால்வர், 2021 ஆகஸ்டில் பான்ஹாம்ஸ் ஏலத்தில் 60 லட்சம் டாலருக்கும் மேல் போனது. அதில் தங்க வேலையா, வைர வேலையா? ஒன்றும் இல்லை. சாதாரணத் துப்பாக்கி. கூடவே இருந்தது, 'இதுதான் அது' என்று நிரூபிக்கும் ஆவணச் சங்கிலி. அந்தச் சங்கிலி அறுந்திருந்தால் அது இன்னொரு பழைய கோல்ட், அவ்வளவுதான்.

அரிது என்பதும் நிரந்தரம் இல்லை. கோல்ட் பைத்தான் 1955-இல் வந்தது, 2005-இல் நின்றது. இனிமேல் வராது என்று நினைத்தவர்களிடம் விலை ஏறிக்கொண்டே போனது. 2020-இல் கோல்ட் கம்பெனியே புதிய பைத்தானை 1,499 டாலர் என்று அறிவித்துக் கடைக்கு அனுப்பிவிட்டது! பழைய பைத்தானுக்கு மவுசு இன்னும் உண்டு. ஆனால் 'சுடுவதற்கு ஒரு பைத்தான் வேண்டும், பழசுதான் ஒரே வழி' என்று வந்துகொண்டிருந்த ஆட்களுக்கு வேறு வழி திறந்துவிட்டது. 'இது இனிமேல் கிடைக்காது' என்று சொல்லி விலை ஏற்றுகிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

அப்படியானால் என்னதான் விலை வைப்பது?

திட்டுவது சுலபம், வழி சொல்ல வேண்டாமா? சொல்லலாம்.

முதலில் தரை. எந்தக் கைவேலையும் இல்லாத அதே மாடல் பழைய ரிவால்வர் என்ன விலைக்கு விற்கிறது? அண்ணன் விஷயத்தில் 550 டாலர் என்று வைப்போம்.

அடுத்து கூரை. அதே கன்ஸ்மித்திடம் இன்று அதே வேலைக்குக் கொடுத்தால் மொத்தம் என்ன ஆகும்? கூலி ஏறியிருக்கும். 4,300 என்று வைப்போம். புதிதாக, தன் கைக்கு அளவாக, தன் பெயரெழுத்தோடு 4,300-க்குக் கிடைக்கும்போது, இன்னொருவர் பெயர் போட்ட பழசுக்கு 4,500 யார் தருவார்? இந்தக் கூரையை உடைக்க இரண்டே காரணம்தான் உண்டு. ஒன்று, வாங்குபவருக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. இரண்டு, அந்த கன்ஸ்மித் இனி செய்யப்போவதில்லை: ஓய்வு பெற்றிருக்கலாம், இறந்திருக்கலாம்.

தரைக்கும் கூரைக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதற்கு நான்கு கேள்விகள் போதும்.

1. யார் செய்தது? ஊரறிந்த பெயரா, ஊருக்குள் மட்டும் தெரிந்த பெயரா?

2. நிரூபிக்கக் காகிதம் இருக்கிறதா? வேலை விவரம் எழுதிய பில், கடிதங்கள், கழற்றிய பழைய குழல், சிலிண்டர், கைப்பிடி எல்லாம் பத்திரமாக இருக்கிறதா? ரூகர் கம்பெனி தன் பழைய மாடல்களுக்குப் பாதுகாப்பு மாற்றம் செய்து தரும்போது, கழற்றிய உதிரிகளைத் திருப்பி அனுப்பிவிடும். விவரம் தெரிந்தவர்கள் அந்தப் பொட்டலத்தைத் தூக்கிப் போடவே மாட்டார்கள்.

3. ரசனை யாருடையது? மெல்லிய விசை, துல்லியமான சிலிண்டர் எல்லோருக்கும் பிடிக்கும். பெயரெழுத்தும் விசித்திரக் கைப்பிடியும் ஒருவருக்குத்தான் பிடிக்கும்.

4. எத்தனை பேரால் இதைப் பயன்படுத்த முடியும்? .500 லைன்பா மாதிரித் தோட்டா பக்கத்துக் கடையில் கிடைக்காது. பெரும்பாலும் சொந்தமாகத் தோட்டா நிரப்பத் தெரிந்தவர்தான் வாங்குவார். தோட்டா நிரப்பும் அச்சுகளையும் காலி உறைகளையும் சேர்த்தே கொடுத்தால் வாங்குபவரின் பாதித் தலைவலி போகும்.

பிறகு விற்கும் செலவு. 1968-இன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, ஒரு மாநிலத்துத் தனிநபர் இன்னொரு மாநிலத்துக்காரருக்கு நேரடியாக விற்க முடியாது. வாங்குபவரின் மாநிலத்தில் உள்ள உரிமம் பெற்ற வியாபாரி வழியாகத்தான் போக வேண்டும். பின்னணிச் சோதனை, கட்டணம், அனுப்புச் செலவு எல்லாம் உண்டு. கடையில் வைத்து விற்கச் சொன்னால் கமிஷன். 2,600-க்குப் போய் 15 சதவீதம் கமிஷன் என்றால் 390 போக 2,210 கையில். நேரடியாக 2,500-க்கு விற்று 75 செலவானால் 2,425 கையில். குறைந்த விலைதான் அதிகக் காசு! சொல்லும் விலையைப் பார்த்து மயங்குபவர்கள் இந்தக் கழித்தலைப் போடுவதே இல்லை. இன்னொன்றும் உண்டு. சொந்த உபயோகப் பொருளை நஷ்டத்துக்கு விற்றால் அமெரிக்க வருமான வரியில் அந்த நஷ்டத்தைக் கழிக்க முடியாது. லாபம் வந்தால் மட்டும் வரி. ஆகவே, போட்ட காசை வரித் துறையாவது நினைவு வைத்துக்கொள்ளும் என்று ஆறுதல் பட வேண்டாம்.

கடைசியாக, விளம்பரம் போடும் முன்பே, தனியாக உட்கார்ந்து, ஒரு காகிதத்தில் 'இதற்குக் கீழே என்றால் விற்க மாட்டேன்' என்ற தொகையை எழுதிவிட வேண்டும். இதே மாதிரி ரிவால்வர்கள் 2,300-இலிருந்து 2,700 வரை உண்மையில் விற்றிருந்தால், அண்ணன் 2,750 சொல்லலாம், 2,300-இல் நிற்கலாம். அதற்குக் கீழே மனசு வரவில்லையா? தப்பே இல்லை, வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அது விற்பனை அல்ல, வைத்துக்கொள்ளும் முடிவு. 4,500 என்று சீட்டுத் தொங்கவிட்டு மூன்று வருஷம் மேஜையில் வைப்பதும் வைத்துக்கொள்ளும் முடிவுதான். கூடுதலாக மேஜை வாடகை. மகளின் கல்லூரி, அப்பாவின் சுயசரிதை விற்கும்வரை காத்திருக்காது.

"சரியான ஆள் ஒரு நாள் வருவார்" என்பார்கள். வரலாம். இந்த மாதிரிப் பொருளுக்கு வாங்கும் ஆட்கள் குறைவு, பொறுமை வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் அந்தச் 'சரியான ஆள்' வரும்போது அவரும் முடிந்துபோன விற்பனை விலைகளைப் பார்த்துவிட்டுத்தான் வருவார். சரியான ஆள் என்றால் ஏமாளி என்று அர்த்தம் இல்லை.

மறுபடியும் அந்த ஜோக்

இதில் உண்மையில் அடி வாங்குவது அண்ணன் இல்லை. அவருக்குக் கொஞ்சம் மனசு வலிக்கும், அவ்வளவுதான். அடி வாங்குவது, அவர் போன பிறகு அந்தப் பெட்டியைத் திறக்கும் மனைவி. பில் எங்கே? தெரியாது. ஏன் தெரியாது? உண்மை விலை தெரிந்துவிடும் என்று அண்ணனே கிழித்துப் போட்டுவிட்டார். யார் செய்தது? தெரியாது. பழைய உதிரிகள்? கராஜ் சுத்தம் செய்தபோது குப்பையோடு போய்விட்டன. வியாபாரி வருகிறார், புரட்டிப் பார்க்கிறார். கன்ஸ்மித்தின் முத்திரையை அவர் கண் அடையாளம் கண்டுகொள்கிறது, வாய் மட்டும் திறக்கவில்லை. "நோண்டிட்டாங்கம்மா. ஐந்நூறு தரேன்."

உயிரோடு இருந்தபோது 4,500-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்று நின்ற அதே ரிவால்வர்! ஏற்றிச் சொன்ன பொய்யால் அன்றைக்கு விற்கவில்லை. இறக்கிச் சொன்ன பொய்யால் இன்றைக்குக் காசு வரவில்லை. இரண்டு பொய்யையும் சொன்னது ஒரே ஆள். பலன் மட்டும் இன்னொருவர் தலையில்.

பரிகாரம் ரொம்பச் சின்னது. துப்பாக்கிப் பெட்டிக்குள் ஒரு காகிதம். யார் செய்தார், எப்போது, என்னென்ன மாற்றினார், எந்தத் தோட்டா மட்டும் போட வேண்டும், பழைய உதிரிகள் எங்கே இருக்கின்றன. கீழே மூன்று தொகை: போட்ட காசு, இன்றைய சந்தையில் வரக்கூடிய காசு, எந்தத் தொகைக்குக் கீழே கொடுக்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை அந்தக் கடைசி இரண்டு எண்களைத் திருத்த வேண்டும். முதல் எண்ணைத் திருத்த வேண்டியதே இல்லை, அது மாறவே மாறாது. மனைவியிடம் மறைக்கவும் வேண்டாம், வாங்க வருபவரிடம் அழவும் வேண்டாம்.

அந்த முதல் எண் விலை அல்ல. அது அண்ணன் ஆசைக்குக் கொடுத்த கட்டணம். ஆசையும் தீர்ந்தது, கட்டணமும் செலுத்தியாயிற்று. ரசீதைக் காட்டி அதே கட்டணத்தை அடுத்தவரிடம் வசூலிக்க நினைப்பதை வியாபாரம் என்று எந்தப் பாடப் புத்தகமும் சொல்லாது.